ஓபல் கட்டிய எஞ்சின்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து மண் பந்தயத் தடங்களில் வெர்லின் கூப் இரண்டு வருடம் தொடர்ந்து மோட்டார் சைக்கிள் சாம்பியன். இடது பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு மாட்டி, வளைவில் வண்டியைச் சாய்த்து அவன் சறுக்கிக்கொண்டு போகும் அழகில், கொடி காட்ட வேண்டிய நானே கையைத் தூக்க மறந்து நின்றிருக்கிறேன். எஞ்சின் கட்டித் தந்தவள் அவன் மனைவி ஓபல்.

மூன்றாம் வருடம் எங்கள் ஊர்ப் பொருட்காட்சிப் பந்தயத்திலும் அவன்தான் முன்னால். கடைசிக்கு முந்தின சுற்றில், பக்கத்தில் வந்த ஒருவன் வளைவில் வேலியில் மோதி உருண்டான். அடுத்த சுற்றில் அதே வளைவு வந்ததும் வெர்லினின் வண்டி தளர்ந்தது. ஆறு பேர் தாண்டிப் போனார்கள்.

அறிவிப்பாளர் மைக்கை நீட்டினார். "எஞ்சின் காலை வாரிடுச்சு," என்றான் வெர்லின்.

"பொம்பள கட்டின எஞ்சின் வேற எப்படி இருக்கும்? அவளப் போய் கேக் சுடச் சொல்லுப்பா!" என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். ஓபல் தலை நிமிராமல் ஸ்பேனர்களைப் பெட்டியில் போட்டாள். பக்கத்தில் நின்ற வெர்லின் குனிந்து பூட்ஸ் தகட்டைக் கழற்றினான்.

வீட்டில் அவள் எஞ்சினை முழுக்கப் பிரித்தாள். பழுதில்லை. பூட்டி, மறுநாள் மறுபடியும் பிரித்தாள். சாப்பிடவும் வரவில்லை.

"எங்க தப்பு பண்ணேன்னே தெரியல வெர்லின். உன்னக் கொன்னுருப்பேனே."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. "அதுல ஒண்ணுமில்ல. அவன் விழுந்தத நினைச்சுப் பயந்துட்டேன். நான்தான் ஆக்சிலேட்டர விட்டேன்."

அவள் பிஸ்டனைத் துணியில் துடைத்து வைத்தாள். "பயந்தே, சரி. அவங்க சிரிச்சப்போ என் பக்கத்துலதானே நின்னே?"



அடுத்த பந்தயத்தில் அவனே மைக்கை வாங்கினான். "அன்னிக்கு எஞ்சின் நல்லாத்தான் இருந்துச்சு. பயந்தவன் நான். பழிய எம் பொண்டாட்டி மேல போட்டுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

அதன் பிறகு அவனுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. ஓபல் அவனை விட்டுப் போகவில்லை. ஆனால் அடுத்த வருடம் வேறொருவனுக்கு எஞ்சின் கட்டினாள், அவன் சாம்பியன் ஆனான். வெர்லின் தடத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் லாரி ஓட்டப் போனான். வீட்டில் நடந்ததை அந்த லாரியில் வைத்துத்தான் என்னிடம் சொன்னான்.

"பயந்ததக்கூட மறந்துட்டேன்ப்பா. இல்லாத பழுத அவ தேடிட்டிருந்தா. நான் அடுப்படியில உக்காந்து காபி குடிச்சிட்டிருந்தேன்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் லாரியைக் கிளப்பினான்.