மோர்டன் மீன்கடையில் ஜப்பானியக் காதல் பாட்டு

இன்று மோர்டனில் நம்மவர் ஒருவரின் கடைக்கு மீன் வாங்கப் போனேன். கடையில் ஜப்பானியக் காதல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தனிப் பியானோ, பின்னால் வயலின்கள், அழுகையை அடக்கிக்கொண்டு பாடும் ஓர் ஆண்குரல்.

"என்ன அண்ணை இது?"

கடைக்காரர் பாரை மீனை வெட்டியபடி மெல்லச் சொன்னார்: "தமிழ்ப் பாட்டுப் போட்டா, ஆரை நினைச்சுப் போடுறியள் எண்டு கேக்கிற மாதிரி உங்கட அக்கா பாக்கிறா. இது ஒருத்தருக்கும் விளங்காது."

கல்லாவில் இருந்த அக்கா, அவர் மனைவி, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவரோடு பேசுவதில்லை. தன் தங்கை மகளுக்குத் தேவாலயத்தில் நடந்த முதல் நன்மைச் சடங்குக்கு அவர் கடையைப் பூட்டிவிட்டு வரவில்லை என்பது வழக்கு.

கடைசிப் பல்லவியில் சுருதி அரைக் கட்டை ஏறியது. அக்கா என்னைப் பார்த்தார்.

"இந்தப் பெடியன் மன்னிப்புக் கேக்கிறான், தம்பி. பாஷை தெரியாட்டியும் விளங்குது. சில பேருக்குத் தமிழ் தெரிஞ்சும் வாய் வராது."

அண்ணை கத்தியை வைத்தார். கையைக் கழுவினார். பேசப்போகிறார் என்று நான் மீனை மறந்து நின்றேன்.

அவர் அதே பாட்டை முதலிலிருந்து போட்டார், சத்தத்தையும் கூட்டி.

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று அவர் கேட்டது என்னை அல்ல.

ஜப்பானிய மொழி தெரிந்த நண்பர்கள், அந்தப் பாட்டு உண்மையில் எதைப் பற்றியது என்று எனக்கு மட்டும் எழுதுங்கள். அந்தக் கடைப் பக்கம் போகவேண்டாம்.