இரண்டு எர்த்

உப்பும் கரியும் போட்டு மண்ணில் புதைத்த ஓர் இரும்புக் கம்பிக்கு நான் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். மச்சினனை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது இதுதான். யுத்தம் முடிந்த சமயம். என் மனைவியின் தம்பியான அவன், தோல் மண்டி வேலையை உதறிவிட்டு, மேற்கு மாம்பலத்தில் மைக் செட் வாடகைக்கு விடக் கிளம்பியிருந்தான். ஆம்பிளிஃபயரை இருவரும் சேர்ந்தே கட்டினோம். அவன் கட்டினான், நான் சேர்ந்தேன்.

மயிலாப்பூரில் ஒரு சபாவில் முதல் கச்சேரி. செட்டுக்கு மேடைக்குப் பின்னால் ஓர் எர்த் இருந்தது. மைக் மட்டும் என்ன பாவம் செய்தது என்று தோட்டத்தில் நான் இன்னொன்று புதைத்துக் கம்பி இழுத்திருந்தேன். செட்டைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று உறுமியது. பாடகர், "தம்புராதான் இருக்கே, இது எதுக்கு?" என்றார். திரை தூக்குவதற்குள் உறுமல் நிற்காவிட்டால் செட்டை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார் சபா காரியதரிசி. போனால் மச்சினனுக்கு மறுபடி தோல் மண்டிதான். அதற்கென்றே அவன் வாப்பா அங்கே ஓர் இடத்தைக் காலியாக வைத்திருந்தார்.

"இன்னா மச்சான், வண்டு பூந்த மாறி கீது?" என்று ஆம்பிளிஃபயர் மூடியைத் திறந்தான் மச்சினன். உள்ளே எர்த் கம்பிகளையெல்லாம் நான் பெட்டித் தகரத்தில் கைக்கு எட்டிய இடங்களிலெல்லாம் பற்றவைத்திருந்தேன். அவற்றைப் பிய்த்து ஒரே போல்ட்டில் சேர்த்து முறுக்கினான். உறுமல் பாதியாயிற்று. ஏன் பாதி என்று அவனுக்கும் விளங்கவில்லை. எனக்கு மட்டும் விளங்கியது: என் தோட்டத்துக் கம்பிக்குத் தாகம்! ஓடிப்போய் ஊற்றினேன். உறுமல் கூடியது. இன்னும் ஊற்றினேன். இன்னும் கூடியது.

"மச்சான், இன்னா பண்ணிக்கினு கீறே அங்க?"

பதறி ஓடி வந்த நான், நானே இழுத்த கம்பி காலை வாரிவிட, மேடையில் குப்புற விழுந்தேன். கம்பி அறுந்தது. ஒரே நிசப்தம். திரையும் தூக்கியாயிற்று.

காரியதரிசி மைக்கை நெருங்கிக் காதை வைத்துப் பார்த்தார். உறுமாத மைக்கை அவர் அதுவரை கண்டதில்லை. "பிராணனை விட்டுடுத்து ஓய்! இந்த மாம்பலத்தானை யார் கூப்பிட்டா?" என்று பாடகரிடம் முணுமுணுத்தார். அது கடைசி வரிசை வரைக்கும் கணீரென்று கேட்டது. சபா சிரித்து ஓய நேரமாயிற்று. மறுவாரக் கச்சேரிக்கும் எங்கள் செட்டே.

ஒரு செட்டுக்கு ஒரே எர்த்தான் இருக்க வேண்டும், இரண்டானால் உறுமும் என்று மச்சினன் பிற்பாடு கண்டுபிடித்துச் சொன்னான்; ஆனாலும் எர்த்தைக் கூட்டினால் உறுமலும் ஏன் கூடுகிறது என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். எப்படிச் சரிபண்ணினீர்கள் என்று அன்று இரவு வீட்டில் என் மனைவி கேட்டாள். மச்சினன் ஆம்பிளிஃபயரை மூடிக்கொண்டே சொன்னான்: "மச்சான் விழுந்து விழுந்து வேல செஞ்சார்க்கா."