மேலே ஓடிப்போன பச்சைக் கோடு

திருப்பதியில் ஒரு கல்லூரியின் பௌதிக ஆய்வுக்கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். யுத்தம் முடிந்து, பட்டாளத்தின் பழைய சாமான்கள் மெட்ராசில் மலிந்து கிடந்த காலம். அப்படி வந்ததுதான் எங்கள் ஆசிலோஸ்கோப். மின்சாரத்தின் அசைவைத் திரையில் பச்சைக் கோடாகக் காட்டும் பெட்டி. ராஜதானியில் எத்தனை கல்லூரியில் இது இருக்கிறது என்று புரொபசர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

ஆயுத பூஜைக்கு நான் சித்தூருக்குப் போய்விட்டேன். நாங்கள் மிஷன் சபைக் குடும்பம். பூஜையன்று ஆய்வுக்கூடத்தில் எனக்கு என்ன வேலை? சில நாள் கழித்துத் திரும்பி வந்தால் பெட்டி கெட்டுப்போயிருந்தது. சுவிட்சைப் போட்டால் கோடு நடுவில் நிற்காமல் மெல்ல ஏறித் திரையை விட்டே ஓடிப்போகும். அதைவிடப் பெரிய கேடு, எங்கள் ஆய்வுக்கூட அட்டெண்டரை வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள்.

"நல்ல வால்வைக் கழட்டி ரேடியோக்காரன்கிட்ட வித்துட்டு, செத்த வால்வை மாட்டிவச்சிருக்கான்" என்றார் புரொபசர். வால்வு என்பது பெட்டிக்குள் எரியும் கண்ணாடிக் குழாய்; ரேடியோவிலும் அதுதான். போலீசுக்குப் போகாதது அவருடைய பெருந்தன்மையாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த அட்டெண்டர் தரையில் கிடக்கும் ஆணியைக்கூட எடுத்து மேசைமேல் வைக்கிற மனிதர்.

சாயங்காலம் அவர் என் அறைக்கு வந்தார். படியிலேயே நின்றுகொண்டார்.

"பொண்ணுக்கு ஏர்பேட்டுல பேசி முடிச்சிக்கிது சார். தை மாசம் கண்ணாலம். திருடன்ற பேரு அங்க போய்ச் சேந்துச்சின்னா அவ்ளோதான். நீங்கதான் பாக்கணும்."

"மொதல்ல உள்ள வாங்கண்ணா. வால்வுதான் போச்சுன்னு அந்தாளுக்கு யார் சொன்னது? நான் பாக்கறேன்" என்றேன்.

உள்ளே நுழையும் சின்னச் சிக்னலைப் பெரிதாக்குவதற்கு அந்தப் பெட்டியில் ஒரு பிரீஆம்ப்ளிஃபையர் உண்டு. இரண்டு படி, படிக்கு ஒரு வால்வு, இரண்டும் ஒரே ரகம். முதல் படியின் ஒயரைக் கழற்றிவிட்டு இரண்டாம் படிக்கு நேராகச் சிக்னல் கொடுத்தேன். கோடு சமர்த்தாக நின்றது. ஆக, கோளாறு முதல் படியில். பிறகு இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றிப் போட்டேன். முதல் வால்வு செத்ததாக இருந்தால் கோளாறும் அதோடு இரண்டாம் படிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வால்வு நல்ல வால்வு. திருட்டுக் கதை அங்கேயே முடிந்தது என்று புரொபசரிடம் ஓடினேன்.

"வால்வு இல்லேன்னா வேற என்ன? அதைக் காட்டு, அப்புறம் பேசு" என்று கையை வீசினார்.

ரெசிஸ்டர், கண்டென்சர் என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். வெயிலடித்தால் கோடு ஒழுங்காக நிற்கும். மூட்டம் போட்டால் ஓடிவிடும். ஐப்பசி மழை வேறு பிடித்துக்கொண்டது. என்ன இழவுடா இது என்று பெட்டியைத் திட்டாத நாளில்லை. அதற்குள் செய்தி ஏர்பேட்டுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மத்தியானம், முதல் வால்வின் சாக்கெட்டுக்கு அடியில் ஒரு ஒயரை மறுபடி பற்றவைக்கச் சூடான இரும்பை வைத்தேன். கமகமவென்று சந்தன வாசனை! விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தேன். பின்களுக்கு நடுவே பழுப்பாக ஒட்டியிருந்ததை, பட்டாளத்தான் பற்றவைத்தபோது சிந்திய குங்கிலியம் என்றே நினைத்திருந்தேன். சுரண்டினால் சந்தனமும் குங்குமமும். காய்ந்திருக்கும்வரை சும்மா கிடக்கும். ஈரக்காற்றுப் பட்டால் அதன் வழியாக மின்சாரம் பக்கத்துப் பின்னுக்குக் கசிந்து கோட்டை மேலே தள்ளும்.

வேலை போனதும் சொந்த ஊரான புத்தூருக்கே போய்விட்ட அட்டெண்டரைத் தேடிப் போய்க் கேட்டேன்.

"மிஷினுக்கு உசுரு உள்ளதான இருக்குதுன்னு சொல்லி, பூசயன்னிக்கி அடி மூடியக் கழட்டி புரொபசர் ஐயாவே தன் கையால பொட்டு வெச்சாரு சார். நான் தட்டு புடிச்சிக்கினு நின்னேன்."

"அட கடவுளே, இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"சாமி குங்குமம் சார். அது எப்படி கெடுக்கும்?"

புரொபசரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் கண் முன்னாலேயே ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து உலர்த்தினேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கோடு நடுவில் அசையாமல் நின்றது. அவர் சுவிட்சை அணைத்தார்.

"மிஷின் சரியாயிடுச்சு இல்ல? இதோட விடு."

"அட்டெண்டரைத் திரும்ப எடுத்துக்கணுமே சார்?"

"நான் போட்ட ஆர்டரை நானே கிழிச்சா நாளைக்கு எவன் மதிப்பான்?"

கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை அவர் மேலேயே வீசத் தோன்றியது. பிரின்சிபாலிடம் போனேன். ஆய்வுக்கூடத்து விஷயம் புரொபசர் பொறுப்பு என்று அவரும் கைகழுவிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் போகாமல் அட்டெண்டரோடு ஏர்பேட்டுக்கு ரயிலேறினேன். "நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும் சார்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் விவசாயி, நிதானமானவர். மோர் கொடுத்தார். வால்வு, மழை, குங்குமம் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும் சார். அப்ப காலேஜுல இவர மறுபடி வேலைக்கி எடுத்துக்கினாங்களா?"

"இல்லை."

"திருடலன்னு தெரிஞ்சும் எடுத்துக்கலையா?"

நான் லோட்டாவைக் கீழே வைத்தேன். காலி லோட்டாக்களை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார். அப்புறம் யாரும் வெளியே வரவில்லை.

ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தோம். புரொபசரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அட்டெண்டர் எதுவும் காதில் வாங்கவில்லை.

"பொண்ணு வாசல்லயே நின்னுக்கினு இருக்கும் சார். கேட்டா இன்னான்னு சொல்றது?"

ரேணிகுண்டாவில் அவர் மட்டும் இறங்கிப் புத்தூர் வண்டிக்கு மாறும்போதும் அதையேதான் கேட்டார்.