கீறலை முதலில் காட்டுகிறவர்

உட்கார்ந்த இடம் சூடேறுவதற்குள் எழுந்து மறுபடியும் ஜன்னலுக்குப் போனார். இடது கையில் கறுப்புத் துணி, துணியின் நடுவில் ஒரு செப்புக் காசு, வலது கையில் கைப்பேசி. வெயில் அடித்தால் "கண்ணு கூசுது" என்பார். மேகம் மூடினால் "இருட்டிடுச்சே" என்பார். சூரியனே வந்து கேட்டாலும் இவரிடம் நல்ல பேர் வாங்க முடியாது. "ஒரு நிமிஷம் சார், இதோ வந்துட்டேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பியபோது எனக்குக் கொடுத்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

எங்கள் கட்டடத்தில் கீழ் வீட்டுக்காரர். வேலை, லிப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில். அந்தச் சம்பளம் வாடகைக்கே சரியாகிவிடும். மகளின் படிப்பு ஓடுவது இணைய ஏலத்தில் இவர் விற்கும் பழைய காசுகளால்தான். நானும் அதே தளத்தில் விற்கிறேன். என் வயிற்றெரிச்சலுக்கு அதுதான் காரணம். ஒரு பக்கம் கப்பல் போட்ட அதே காசு, அதே வருஷம், மூட்டை மூட்டையாகக் கிடைக்கிற சரக்கு. என்னுடையது அடிமாட்டு விலைக்குப் போகும். இவருடையது நாலு மடங்குக்குப் போகும். ஆள் வைத்து விலை ஏற்றுகிறார் என்று முடிவு கட்டி, கையும் களவுமாகப் பிடிப்பதற்காகவே இவரோடு பழக ஆரம்பித்தேன்.

ஆளும் இல்லை, களவும் இல்லை. மனிதர் குறையைத்தான் முதலில் காட்டுகிறார். நானெல்லாம் "அரிய காசு, அருமையான நிலை" என்று அளந்துவிட்டு, ஒரே ஒரு மங்கல் படத்தைப் போடுகிற ரகம். இவர் கீறலுக்கு ஒரு படம், விளிம்பு நசுங்கலுக்கு ஒரு படம் என்று எடுத்துத் தள்ளுவார். கீழே எழுதுவதும் வாயால் பேசுகிற மாதிரியே இருக்கும்: "பாய்மரத்து மேல ஒரு கோடு இருக்கு. கண்ணாடி போட்டா தெரியும், போடலன்னாலும் தெரியும். சாதாரணக் காசுதான், எங்க வேணா கிடைக்கும். பழுப்பு மட்டும் ரொம்ப அழகா இறங்கியிருக்கு, அதுக்காகத்தான் எடுத்து வெச்சேன்."

இப்படி எழுதினால் எவன் வாங்குவான் என்று கேட்டேன்.

"கையில எடுத்துப் பாக்காம பணம் கட்டறாங்க இல்ல சார், பயம் இருக்கும்ல? அந்தப் பயத்துக்குத்தான் விலையைக் குறைச்சுக் கேக்கறாங்க. நான் பயத்தை எடுத்துடறேன், அவ்வளவுதான்..."

வாக்கியம் முடியவில்லை, கைப்பேசி சிணுங்கியது. யாரோ விளிம்பைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு ஓடிவிட்டார்.

ஏலம் முடியப்போகும் நேரத்தில் இவரை ஒரு இடத்தில் பார்க்க முடியாது. மாடிப்படி ஏறுவார், இறங்குவார், மூடியிருக்கும் குழாயை இன்னொரு தரம் மூடுவார். "லிப்டு ரிப்பேர்காரரு படியில ஓடறதைப் பாருங்க" என்பார் இவர் மனைவி. விலை எங்கே நிற்குமோ என்ற தவிப்பு இல்லை அது. வாங்கினவர் என்ன எழுதுவாரோ என்ற தவிப்பு. தளத்தில் இவருடைய பக்கத்தில் எல்லோரும் எழுதியிருப்பது ஏறக்குறைய ஒன்றேதான்: சொன்னது சொன்னபடி வந்தது. "ஒரே ஒருத்தர் மாத்தி எழுதட்டும், நானும் உங்க வரிசையில வந்து நிக்க வேண்டியதுதான் சார்" என்றார். சுருக்கென்றது. ஆனாலும் உண்மைதானே.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போவதற்குச் சற்று முன்புவரை, நல்ல விலைக்குப் போன காசு ஒன்று பார்சலுக்குத் தயாராக மேஜை மேல் இருந்ததாம். இருந்ததாம் என்கிறேன், ஏனென்றால் நான் போனபோது அது இவர் மாமியாரின் உள்ளங்கையில் புதுச் செப்புக் குடம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

"அழுக்காவா அனுப்பறது மாப்ளே? நம்மளத்தானே சொல்லுவாங்க. பேஸ்ட் போட்டு நல்லா தேச்சேன். பாருங்க, முகம் பாக்கலாம்!"

பழைய காசில் அந்தப் பழுப்புதான் உயிர். தேய்த்துவிட்டால் செம்பின் எடைக்குத்தான் விலை. காசு விற்கிறவனே காசைக் கழுவினான் என்று தெரிந்தால், அவன் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

"பளபளன்னு இருக்கு அத்தை" என்று வாங்கிக்கொண்டார். உள்ளறைக்கு வந்ததும் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே நடக்கத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்கிட்ட அதே வருஷக் காசு இருக்கு. பழுப்பு கூட அப்படியே இருக்கு. வெச்சு அனுப்பிடுங்க."

"பாய்மரத்துல கோடு இருக்கா?"

"இல்ல. இன்னும் நல்லாத்தானே இருக்கு?"

"அவரு கோடு இருக்கிறதைத்தான சார் வாங்கினாரு" என்று மறுபடியும் நடந்தார்.

பணத்தைத் திருப்பி அனுப்பினார். விற்பனையை ரத்து செய்தால் காரணத்தை எல்லோரும் பார்க்கும்படி தன் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது அந்தத் தளத்தின் விதி. நின்றபடியே எழுதினார். தோளுக்குப் பின்னாலிருந்து படித்தேன்: "மன்னிக்கணும். இந்தக் காசை என் மாமியார் தெரியாம கழுவிட்டாங்க." எனக்கு மூச்சு வந்தது. உள்ளது உள்ளபடி இருக்கிறது. படிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள், இவர் பேருக்கும் பங்கம் இல்லை.

கூடத்திலிருந்து குரல் வந்தது: "என்ன மாப்ளே, வாங்கினவருக்கு எழுதறீங்களா? எழுதி முடிச்சதும் எனக்கும் படிச்சுக் காட்டுங்க!"

"இதோ அத்தை."

கட்டைவிரல் திரும்பிப் போய், 'என் மாமியார்' என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தது. 'தெரியாம' என்பதையும் அழித்தது. அந்த இடத்தில் 'நான்' என்று போட்டு, கடைசிச் சொல்லையும் 'கழுவிட்டேன்' என்று மாற்றி, அனுப்பிவிட்டு, படித்துக் காட்டக் கைப்பேசியோடு கூடத்துக்குப் போனார்.