கடைசி வரி மனப்பாடம்

கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கிறவன் ஒரு நாளில் அதிகம் சொல்லும் வார்த்தை, "சரியாயிரும்." இருபத்தாறு வருஷமாகச் சொல்லிவந்தேன். மூன்று மாதத்துக்கு முன் எனக்கே கண்புரை எடுத்தார்கள். முதல் மூன்று வாரம் பளிச்சென்று தெரிந்தது. நாலாவது வாரம் மங்கியது. புரை எடுத்தபின் கண்ணைக் கசக்கிக் கசக்கிக் காலண்டரைப் பார்க்கும் சக நோயாளிகளே, உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: நான் யாரிடமும் சொல்லவில்லை. கண் சரியில்லாதவனுக்குக் கண் சோதிக்கும் வேலை எதற்கு என்று கேட்டுவிட்டால்? "சரியாயிரும்" என்று எனக்கே சொல்லிக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து பழைய நோயாளிகளை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொட்டு மருந்து

கடலில் சங்கு குளிக்கப் போகிறவர் ஒருவர். ஆபரேஷன் முடிந்து ஒரு வாரமாகியும் கலங்கலாகவே தெரிகிறது என்றார். கண் சிவந்து, கருவிழி வீங்கியிருந்தது. "மருந்து ஊத்துறீங்களா?" என்றேன். நாலு வேளையும் தவறாமல் ஊற்றுவதாக மனைவி சொன்னார். எந்தக் கண்ணில் என்று கேட்டதும் ஆபரேஷன் செய்யாத கண்ணைக் காட்டினார். "அந்தக் கண்ணத்தான் டாக்டர் பாத்துட்டாவள்லா. இதை யாரு பாக்கா?"

தூரமா, கிட்டயா?

காயல்பட்டினத்து முதலாளி ஒருவர். கண்ணுக்குள் வைப்பது தூரத்துக்கான லென்ஸ்தான், கிட்டத்துக்குக் கண்ணாடி வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே நின்ற பஸ்ஸில் 'முத்தையாபுரம்' என்று பிழையில்லாமல் வாசித்தார். கையிலிருந்த போனில் மகன் முகம்தான் தெரியவில்லையாம். மறுபடி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எம் மவன் துபாய்ல இருக்கான். அவன் தூரமா, கிட்டயா? நீங்களே சொல்லுங்க தம்பி."

என் முறை

ஒரு மாதச் சோதனைக்குப் போனேன். என் இடத்தில் செல்வி இருந்தாள், என்னிடம் வேலை கற்றவள். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து நல்ல கண்ணை மூடிக்கொண்டேன். எதிரே அட்டை பஞ்சுப் பொதி மாதிரி இருந்தது. அதனால் என்ன? மேலிருந்து கடைசி வரிவரை எல்லா எழுத்தையும் தடங்கலில்லாமல் ஒப்பித்தேன். செல்வி எதுவும் எழுதவில்லை.

"அண்ணாச்சி, நீங்க லீவு போட்ட மறுநாளே அந்த அட்டையக் கழட்டியாச்சு. இது நம்பர் அட்டை. இதுல ஒரு எழுத்துகூடக் கிடையாது."

டாக்டர் அறை

விழித்திரையின் நடுவில் நீர் கோத்து வீங்கியிருந்தது. சொட்டு மருந்தில் பெரும்பாலும் வற்றிவிடும், மறைத்துக்கொண்டே இருந்தால் பார்வை திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. இப்படி எத்தனை பேரை "சரியாயிரும்" என்று வாசலோடு அனுப்பியிருப்பேன்? அவர் மருந்துச் சீட்டை நீட்டினார். "நோயாளி தெரியாததைத் தெரியும்னு சொன்னா கண்டுபிடிக்கத்தானே உங்களுக்குச் சம்பளம்?"

இரண்டு மாதம் மருந்து ஊற்றி, நம்பர் அட்டையில் கடைசிக்கு முந்தின வரியைப் பார்த்தே வாசித்து வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஆனாலும் இத்தனை வருஷத்தில் என் "சரியாயிரும்" என்ற வார்த்தையை முழுசாக நம்பின ஒரே நோயாளி நான்தானோ என்று தோன்றுகிறது.