கிளப்புக்கடை வீட்டு விரிசல்

சேவூர் சாலையில் எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது கண்டக்டர் இன்றைக்கும் "கிளப்புக்கடை எறங்குங்க" என்றுதான் குரல் கொடுக்கிறார். அங்கே கடை எதுவும் இல்லை, எங்கள் அண்ணன் குடும்பம்தான் குடியிருக்கிறது. பருத்தி வியாபாரிகள் மாட்டுவண்டியில் வந்த காலத்தில், கீழே சாப்பாட்டுக் கூடமும் மேலே தங்கும் அறைகளுமாகத் தாத்தா கட்டிய ஓட்டல் அது. பருத்தி ஏலம் ஊரைவிட்டுப் போனதும் வியாபாரம் படுத்துவிட்டது. அப்பா குடும்பத்தோடு அதற்குள்ளேயே குடியேறினார். அதனால் எங்கள் வீட்டுப் படுக்கையறைக் கதவுகளில் அறை எண்கள் இருந்தன. பழைய நினைப்பில் யாராவது நேராக உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காபி கேட்பதும் உண்டு. அண்ணன் சிரிப்பைக் காட்டாமல், "சக்கரை கம்மியாப் போடட்டுங்களா?" என்று கேட்டுக் கொண்டுவந்து வைப்பார்.

அண்ணன் நல்லூரில் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மிஷின்கள் சின்னதாக வைத்திருந்தார். எங்கள் ஓட்டல் கட்டிடத்தை இடித்துவிட்டு கம்பெனி ஷெட் போடச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. "இடிக்கறதுக்குன்னு இனியொருத்தன் பொறப்பானுங்க. அது நானில்லீங்க" என்பார். சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம், மேல்மாடி மரக்கிராதி எல்லாம் அவருக்குப் பிள்ளைகள் மாதிரி. பெற்ற பிள்ளைகளைக்கூட அவ்வளவு கொஞ்சமாட்டார் என்று நங்கையா, அதாவது அண்ணி, குத்திக் காட்டுவார்.

ஒரு பொங்கல் லீவுக்கு நான் அங்கே போயிருந்தேன். அப்போது ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. மாடியில் சாலையைப் பார்த்த முன்னறை நல்ல காற்றோட்டம் என்று அண்ணனின் பிள்ளைகள் இருவரும் அங்கேதான் படுப்பார்கள். அந்த அறைச் சுவரில் புதுக் காலண்டரை மாட்டலாமென்று பழையதை எடுத்தேன். பின்னால் தரையை நோக்கி ஓடியது ஒரு விரிசல். என் சுண்டுவிரல் அதற்குள் போயிருக்கும். அதன் குறுக்கே சாம்பல் நிறத் துணியைப் பட்டை பட்டையாக வெட்டி, மைதாப் பசை போட்டு ஒட்டியிருந்தது.

எனக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. "சத்தம் போடாதே அம்மணி. உங்க நங்கையாளுக்குத் தெரியாது" என்றார் அண்ணன். மழைக்குப் பிறகு விரிசல் விட்டதாம். யாராவது பார்த்து அதிகாரிகளுக்கு எழுதிப் போட்டால், ஆபத்தான கட்டிடமென்று வாசலில் நோட்டீஸ் ஒட்டி முழுவதையும் இடித்துவிடுவார்கள் என்று பயம் அவருக்கு. பக்கத்து ஊர் அரிசி மில் அப்படித்தான் போனது. அதனால் சுவர் இன்னும் விலகுகிறதா என்று பார்க்கத் துணியை ஒட்டிவைத்துத் தினமும் காலையில் வந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளை அறை மாற்றினால் ஏன் என்று கேள்வி வரும். "துணி கிழியலே பாரு. கிழியாத வரைக்கும் பயமில்லே" என்றார்.

அந்த நேரம் பார்த்து வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று போனது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. நான் துணியின் கிட்டே முகத்தைக் கொண்டுபோனேன். கம்பெனியில் நாள் முழுக்கப் பனியனின் கழுத்துப் பட்டியை இழுத்து, விட்டு, பழையபடி சுருங்குகிறதா என்று பார்க்கிற கண் இது. பட்டையின் நடுவில் பின்னல் கண்ணிகள் திறந்து கிடந்தன, அவற்றின் வழியே விரிசலின் இருட்டு தெரிந்தது.

"அண்ணா, இது பனியன் துணிங்க. இழுத்தா கூட வருமுங்க. கிழியாதுங்க."

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். வாழ்நாள் முழுவதும் நிட்டிங்கில் இருந்த மனிதர்! மிஷின் துடைக்கவும் பைக் துடைக்கவும் அடுப்பிலிருந்து சட்டி இறக்கவும் எங்கள் பக்கம் கைக்கு வருவது பனியன் வேஸ்ட்தான். வேறு ஊராக இருந்தால் காகிதத்தை ஒட்டியிருப்பார். சுவர் தினமும் விலக விலக, துணி தினமும் விரிந்து கொடுத்து அவரை ஏமாற்றியிருக்கிறது.

பிள்ளைகளின் மெத்தையை அவரே சுருட்டிக் கீழே தூக்கிப் போனார். மேலே ஒழுகுது என்று நங்கையாளிடம் சொன்னார். நான் செய்தித்தாளைக் கிழித்து விரிசலின் குறுக்கே ஒட்டினேன். மறுநாள் காலையில் அது விரிசல் ஓடிய வழியிலேயே கிழிந்திருந்தது. யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று விரிசலை மூடி மூடி வைத்தவர், அன்றைக்கே தானாகப் போய் ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்தார். மாடியை எடுத்தால்தான் கீழ்க்கட்டிடம் நிற்கும் என்றார் அவர்.

ஓடு இறக்கி, உத்தரம் இறக்கி, கடைசியில் முன்னறைச் சுவருக்கு வந்தார்கள். கடப்பாரையை வைப்பதற்கு முன் கொத்தனார் சும்மா உள்ளங்கையை வைத்து அசைத்துப் பார்த்தார். சுவர் முழுவதும் உள்ளே சாய்ந்து, மெத்தை கிடந்த இடத்தில் விழுந்தது. தூசி அடங்கும்வரை அண்ணன் என் மணிக்கட்டை விடவில்லை. "சாமி, சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நடந்ததைப் பிள்ளைகளிடம் நாங்கள் சொல்லவே இல்லை. ஒழுகியதால் இடித்தோம் என்றே வளர்ந்தார்கள்.

அண்ணன் இப்போது இல்லை. சர்க்கரை வியாதி கொண்டுபோய்விட்டது. அவர் மகன் தொழிலைப் பார்க்கிறான். சென்ற வாரம் நான் போனபோது மேலே ஷீட் போட்டு, தையல் மிஷின்கள் இறக்கப் போவதாக உற்சாகமாகச் சொன்னான். கொத்தனார் அளவெடுக்க வந்துவிட்டார். கீழ்ச்சுவர்கள் மறுபடி ஒரு மாடியைத் தாங்காது. அவனை மொட்டைமாடிக்கு அழைத்துப் போய், எல்லாவற்றையும் சொல்லி, அவன் படுத்திருந்த இடத்தைக் காட்டினேன்.

தரையைப் பார்த்தபடியே கேட்டான். "ஏனுங்க அத்தை, அப்பனுக்குத் தெரியுமுங்களா? தெரிஞ்சேதான் எங்களை இங்க படுக்க வெச்சாருங்களா?"

இத்தனை வருஷமும் நான் பயந்தது இந்தக் கேள்விக்குத்தான்.

"தெரியும் கண்ணு. தெனமும் வந்து பாத்தாரு. துணி கிழியலே."

அவன் தான் போட்டிருந்த பனியனின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான், விட்டான், மறுபடி இழுத்தான். பிறகு கீழே இறங்கிப் போய்க் கொத்தனாரைத் திருப்பி அனுப்பினான்.