ஒருநாள் விட்டு ஒருநாள்

ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலைக்கு நடுவில் கிடைத்த ஒரு சனிக்கிழமை. பிரிட்ஜ்வாட்டரிலிருந்து இரண்டு மணி நேரம் டிரைவ் பண்ணி, அமெரிக்காவின் நியூ ஜெர்சித் தென்கடலோரத்தில், இங்கிலாந்து ஆட்சிக் காலத்து மீனவக் குடியிருப்பு ஒன்றில் நிற்கிறேன். ஏழைப் பிள்ளைகளுக்காக சர்ச் நடத்திய ஒற்றை அறைப் பள்ளிக்கூடம் இப்போது மியூசியம்.

மேசைமேல் இருக்கும் சிலேட்டை எடுக்கிறேன்.

"மெதுவா, ஹனி! அதுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி" என்று சிரிக்கிறார், அங்கே வாலன்டியராக இருக்கும் அம்மாள்.

மரச்சட்டத்தில் ஆணியால் கீறிய இரண்டு பெயர்கள்.

"அண்ணன், தங்கச்சி. வீட்டுல மீன் சுத்தம் பண்ண ஒரு ஆள் வேணுமே. அதனால ஒருநாள் அவன் ஸ்கூலுக்கு வருவான், மறுநாள் அவ வருவா."

நானும் தூத்துக்குடிப் பக்கம் இலவசப் பள்ளியில் படித்தவன்தான் என்று அவரிடம் சொல்கிறேன். ஒருநாள்கூட லீவு போட்டதில்லை. அக்கா தினமும் இறால் கம்பெனிக்குப் போனாள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற யோசனை எங்கள் வீட்டில் யாருக்குமே வரவில்லை. எனக்கும்தான்.

"உன் சிலேட்டுல எத்தனை பேரு?" என்று கேட்கிறார்.

"நான் மட்டும்தாங்க."

அந்த அம்மாள், வந்தவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டை என் பக்கம் திருப்புகிறார். காலியாக இருக்கும் முதல் வரியில் செல்வி என்று அக்காவின் பெயரை எழுதுகிறேன். அதற்குக் கீழே என் பெயரை.